பிந்திப் பூக்கும் நெல்

மச்சான்,

நிந்தவூர் வயலில் நிற்கிறேன். காலை ஒன்பது மணி, நெல் பூக்கிற வாசம். உன் வயலும் என் வயலும் ஒரே நேரத்தில் பூத்து நிற்கின்றன, ஒரு கதிர்கூடப் பின்தங்கவில்லை. முந்தியென்றால் இந்நேரம் மழை ஓய்ந்திருக்கும். இந்த மாரியில் இப்போதுதான் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. பூ நனைந்தால் மணி பிடிக்காது, அத்தனையும் பதர்தான்.

குளம் வற்றி, கதிர் முற்றும் முன்பே பயிர் கருகிய வருடங்களில்தான் நீ நூல் கட்டத் தொடங்கினாய். சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்திறங்கி, முந்திப் பூத்த கதிர்களுக்கெல்லாம் சிவப்பு நூல். அவற்றை மட்டும் விதைக்கு எடுத்தோம். சில போகங்களில் வயலே ஒரு கிழமைக்கு மேல் முந்தியது.

"பூக்கிற நாள் விதைக்குள்ளதான் இரிக்கு. தாய் எப்பவோ, பிள்ளையும் அப்பத்தான்" என்பாய்.

"அப்ப உன்ட பிள்ளைகள் மட்டும் ஏன் பத்து மணிக்கு எழும்புதுகள்?" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டே அடுத்த நூலைக் கட்டுவாய்.

ஆனால் பிந்திப் பூத்ததையும் நீ எறியவில்லை. தனியாக அறுத்து, ஒரு சாக்கில் கட்டி, என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாய். "மழை இடம் மாறினா இதுதான் நமக்கு மிச்சம்."

போன நோன்புக்குப் பள்ளிவாசலில் கஞ்சிக்கு அரிசி கேட்டார்கள். எலி தின்னப்போகிற நெல்தானே, நன்மையாவது கிடைக்கட்டும் என்று அந்தச் சாக்கை மில்லில் குத்திக் கொடுத்துவிட்டேன். அந்தக் கஞ்சியில் உனக்கும் ஒரு கோப்பை தந்தேன். ருசியாக இருக்கிறதென்றாய்.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலில் கேட்டதே அதைத்தான். "பிந்தின நெல்லு இரிக்கா?"

"ஓம், இரிக்கு" என்றேன். சாகப்போகிறவனிடம் பொய் சொன்னேன், மச்சான்.

நேற்று உன் மனைவி வரம்பில் வந்து நின்றாள். அவளும் வானத்தைத்தான் பார்த்தாள்.

"அண்ணன், இது பதராப் போனாலும் பரவாயில்ல. அந்தச் சாக்கு உங்களிட்ட இரிக்கெண்டு அவர் சொல்லித்தான் போனவர். பழசெண்டாலும் முளைக்கிறது முளைக்கட்டும். அடுத்த மாரிக்கு அதைப் போடுவம்."

நான் தலையாட்டினேன். அறுவடை முடிந்ததும் சாக்கை எடுக்க அவளே வருகிறாளாம்.

மழை வந்தால் வரட்டும். அவள் வருகிற நாளுக்குத்தான் நான் பயந்துகொண்டிருக்கிறேன்.