தெளிவாகக் கேட்டதாகச் சொன்ன மூன்று கசெட்டுகள்

புள்ள,

நம் மகன் லீவில் வந்திருக்கிறான். இன்று காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டு காதையும் மூடி அடைக்கிற பெரிய சாமான். பக்கத்தில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி. கையோடு கொண்டு திரிகிற அம்ப்ளிபயராம். இந்த ஹெட்போன் ஓம்ஸ் கூடியதாம், போனில் நேரே செருகினால் சத்தம் காணாதாம், போதாதாம். அந்தச் சின்னப் பெட்டி இந்தப் பெரிய ஹெட்போனை முழுசாக இழுக்குமா இல்லையா என்று கூட்டாளி ஒருவனோடு போனில் ஒரே வாதம். கடைசியில் என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காது, என்னப்பா?"

"எனக்கு எங்க மகன் விளங்கும்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காதில் படுகிற பஞ்சிலிருந்து றெக்சினும் றப்பரும் கலந்த ஒரு மணம் வந்தது. நீ அனுப்பியதற்கும் இதே மணம்தான். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வளவுக்குள் போய் நின்றேன். தேநீர் சூடு என்று அவன் நினைத்திருப்பான்.

எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான். இந்த உலகத்தில் எனக்கு விளங்கிய ஒரே விஞ்ஞானம் இதுதான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அவனுக்கென்ன, உனக்கே சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமியின் சுற்றிவளைப்பில் எங்கள் ஓலை வீடு எரிந்த பிறகு நீ வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாய். ஒரு ஓட்டுக்கூரை போடுமட்டும் என்று சொல்லிப் போனாய். மகளுக்கு ஏழு வயது, மகன் இடுப்பில். கடிதம் எழுத எனக்கு எழுத்துப் பிழை, உனக்கு அலுப்பு. அதனால் எல்லாரையும் போல நாமும் கசெட்டில் பேசினோம். ஊருக்கு வருகிற பெண்களிடம் நீ கொடுத்து அனுப்புவாய். நான் அதை வாங்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்கு ஓடுவேன். எங்கள் பக்கத்தில் பதிகிற ரேடியோ அவரிடம் மட்டும்தான் இருந்தது. முதல் கசெட்டைப் போட்டபோது வட்டைக்கு, வயல் வேலைக்குப் போக வேண்டிய ஆட்கள்கூட வெட்டுக்கத்தியோடு வந்து குந்தியிருந்தார்கள். நீ "இஞ்ச பாருங்க, உங்கள நினைச்சா எனக்கு..." என்று தொடங்கினாய். உன் அம்மா பாய்ந்து போய் ரேடியோவின் வாயைப் பொத்தினா. நிறுத்துகிற பொத்தான் எது என்று அவவுக்குத் தெரியாது. பிறகு ஒரு கிழமை நான் ஊருக்குள் தலை காட்டவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நீ அந்த ஏற்பாட்டைச் செய்தாய். கசெட்டின் முதல் பக்கம் எல்லாருக்கும். இரண்டாம் பக்கம் எனக்கு மட்டும். அதைக் கேட்க ஒரு வாக்மேனும் அந்தப் பெரிய ஹெட்போனும் பெரியகல்லாற்றுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாய். உன் எசமானின் மகன் பாட்டுக் கேட்கிற அறையில் இருந்த சாமானாம், புதிது வந்ததும் எறியப் போனதாம், நீ கேட்டு வாங்கினாயாம். "மூத்த புள்ள மாதிரி மடியில வெச்சிக் கொண்டுவந்தன்" என்றாள் அந்தப் பெண்.

முதல் பக்கம் ரீச்சர் வீட்டு ரேடியோவில் கணீரென்று கேட்டது. எல்லாரையும் பேர் சொல்லிச் சுகம் விசாரித்தாய், மகளுக்குப் பேன் பார்க்கச் சொன்னாய். எனக்கு அடுத்த பக்கத்துக்குத்தான் அவசரம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்வளவில் மாமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை புள்ள.

சத்தத்தை முழுக்கத் திருப்பினேன். தண்ணீருக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல். அங்கொரு சொல், இங்கொரு சொல். "கூரை" என்றது கேட்டது. "புள்ளைகள்" என்றது கேட்டது. மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். உன் முகம் எனக்குத் தெரியும்தானே, நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும் என்று நினைத்தேன். உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் ஒளிந்திருந்து மெல்லப் பேசுவதாக நீ சொல்லியனுப்பியிருந்தாய், அதனால் இருக்கும் என்றும் நினைத்தேன். பற்றரி வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் கரைக்கு வரக்கூடாது என்று ஆமி தடுத்திருந்த காலம் அது. இருந்த இரண்டையும் வெயிலில் காயவைத்துக் காயவைத்துத்தான் போடுவேன். பற்றரி இறங்கினால் யாருடைய குரலும் இழுபடும். காரணத்துக்கு என்னிடம் பஞ்சமே இருக்கவில்லை.

ரீச்சர் வீட்டு ரேடியோவில் அந்தப் பக்கத்தையும் போட்டுக் கேட்டிருக்கலாம். ஊர் கேட்டாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கலாம். வேறு யாருக்கும் கேட்கப்படாது என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாய். எனக்கும் வெட்கம்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. பதில் கசெட் பதியும்போது ரீச்சரும் உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். நீ கெஞ்சி வாங்கி, இன்னொருத்தியின் மடியில் ஏற்றி அனுப்பிய சாமான் உதவாது என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "ஹெட்போன் வலு திறம் புள்ள. நீ சொன்னதெல்லாம் பக்கத்தில இரிந்து சொல்லுற மாதிரித் தெளிவாக் கேட்டன்" என்று பதிந்தேன். பிறகு ஆடு ரீச்சரின் கொப்பியைத் தின்ற கதையைச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்ததும் அதில் பதிந்தது.

இரண்டாவது கசெட் வந்தது. அதுவும் முனகல். "தெளிவாக் கேட்டன் புள்ள." மூன்றாவதும் வந்தது. அது இன்னும் மெல்லிசு. "எல்லாம் கேட்டன், நீ ஒண்டுக்கும் யோசியாத." இதற்கிடையில் நீ அனுப்பியதைக் கொண்டு சுவர் எழும்பி, வளை ஏற்றி, ஓடும் பரப்பத் தொடங்கியாயிற்று.

ஓடு பாதி பரப்பிய நாளில்தான், இப்படியே மனுசியை ஏமாற்றக் கூடாது என்று புத்தி வந்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குத் தோணி ஏறினேன். அங்கே ரேடியோ திருத்துகிற தவம் அண்ணனுக்குத் தெரியாத வித்தை இல்லை என்பார்கள்.

துறையடிச் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டினார்கள். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒருவன் ஹெட்போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேக்க மொக்கத?" என்றான். அது என்ன என்று கேட்கிறான். நான் கையைக் காதில் வைத்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டான். வாக்மேனில் மூன்றாவது கசெட், எனக்கு மட்டுமான பக்கம். எனக்கு உயிர் போய் வந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். பின்னால் வரிசை நின்றது. பிறகு கழற்றி என் கையில் தந்தான்.

"நோனா அசனீபத?" என்றான். மனுசிக்குச் சுகமில்லையா என்று கேட்கிறான்.

"இல்ல சேர். பற்றரி வீக்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

அவன் சிரிக்கவில்லை. போ என்று கையைக் காட்டினான். சொல் ஒன்றும் விளங்காதவன் குரலை மட்டும் கேட்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தவம் அண்ணன் ஹெட்போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அறுநூறு ஓம்ஸ். இது ரேடியோ நிலையத்தில போடுற சாமான். இத உன்ட வாக்மேன்ல கொழுவினியா?"

"பெரிய சாமான் பெரிசாக் கேக்கும் எண்டு நினைச்சன் அண்ணன்."

"பெரிய வயிறு இரிக்கிறவனெல்லாம் பெரிய பாட்டுக்காரனா? நீ வயல்காரன்தானே, உனக்கு வயலாலதான் சொல்லணும். மேட்டு வயலுக்குத் தண்ணி இறைக்கிறாய். வயல் சின்னன், தண்ணி கொஞ்சம் காணும். ஆனா உயரத்துக்கு ஏத்தணும். சின்ன பம்ப் என்ன செய்யும்?"

"பாதி ஏத்தத்தில நிண்டு மூச்சு வாங்கும்."

"அதான் இது. இதுக்குக் கரண்ட் சொட்டுக் காணும். வோல்ட்தான் வேணும். உன்ட ரெண்டு பற்றரி மூணு வோல்ட். அதுக்கு இது முனகும், பேசாது."

"அப்ப கையில கொண்டு திரியுற சின்னப் பெட்டி ஒண்டால இத இழுக்கவே ஏலாதா?"

"ஆர் சொன்ன ஏலாதெண்டு? வோல்ட்டக் குடுத்தா இழுக்கும். வாற கிழமை வா."

அடுத்த கிழமை போனபோது ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தார். சதுரப் பற்றரி இரண்டைத் தொடுத்து, பதினெட்டு வோல்ட். "கையில கொண்டு திரியலாம், ஆனா உன்ட கரைக்குக் கொண்டுபோக மட்டும் விடமாட்டாங்கள்" என்று தானே சொல்லிச் சிரித்தார். வாங்கில் இடம் ஒதுக்கித் தந்து, இங்கேயே இருந்து கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். கடைக்குள் இரண்டு பேர் டோர்ச் திருத்த நின்றார்கள்.

முதல் பக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். "எல்லாரும் சுகமா இரிக்கிறீங்களா?" என்று நீ காதுக்குள் போட்ட சத்தத்தில் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். டோர்ச்சுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு கசெட்டைத் திருப்பிப் போட்டேன்.

அப்போதுதான் உன் மூச்சுக் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நெஞ்சுக்குள் ஏதோ கீறுகிற சத்தம். இரண்டு மூன்று வசனத்துக்கொரு தரம் "டிக்" என்று ஒன்று. தவம் அண்ணனிடம் ஒரு காதைக் கொடுத்து அது என்ன என்று கேட்டேன். பதிகிறதை இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அப்படிப் பதியும் என்றார். எதற்கு நிறுத்துகிறாய் என்று ஒரு இடத்தில் தெரிந்தது. நீ நிறுத்தப் பிந்திவிட்டாய், பாதி இருமல் உள்ளே வந்துவிட்டது.

முதல் கசெட்டில் நீ சொன்னாய்: "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யிது. படி ஏறேலாம இரிக்கு. அம்மாவுக்குச் சொல்லாதீங்க. நான் வரட்டா? நீங்க வா எண்டா வாறன். இரி எண்டா இரிக்கிறன்."

இரண்டாவதில்: "போன தரம் கேட்டத்துக்கு மறுமொழி சொல்லல்லயே. கேட்டன் எண்டீங்க, ஆனா சொல்லல்ல. வரட்டா?"

மூன்றாவதில்: "சரி. உங்களுக்கும் ஒரு யோசின இரிக்கும்தானே. கூரை முடியட்டும். நான் இனிக் கேக்க மாட்டன். ஆட்டுக் கதையத் திருப்பியும் கேட்டு நல்லாச் சிரிச்சன்."

"என்ன, இழுக்குதா?" என்று கேட்டார் தவம் அண்ணன்.

"இழுக்குது அண்ணன்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்பிடி?"

ஹெட்போனைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டுத் தபால் கந்தோருக்கு ஓடினேன். உடனே வா என்று தந்தி. ஏஜென்சிக்காரனின் வாசலில் நாள்கணக்காக நின்றேன். உன் எசமான் வீட்டார் உன்னை விட்டது மாரி தொடங்கிய பிறகுதான். நீ வந்து இறங்கியபோது மகள் உன்னை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்தாள். ஆஸ்பத்திரியில் பிந்திவிட்டது என்றார்கள். பாதை பூட்டிப் பூட்டித் திறந்த அந்த மாதங்களில் மருந்தும் ஒழுங்காக வரவில்லை.

ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது, நீ பாயில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தாய்.

"ஒரு சொட்டு ஒழுகல்ல" என்றாய். பிறகு, "நீங்க அண்டைக்கு வா எண்டு சொல்லாததும் நல்லதுதான். சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பன். புள்ளைகள் இப்ப நனைஞ்சுகொண்டு கிடந்திருக்கும். ஓடு பரப்பின கையோட கூப்பிட்டீங்க. கல் நெஞ்சுக்காரன்தான், ஆனா புத்திக்காரன்."

என் ஆயுளில் என்னைப் புத்திக்காரன் என்று சொன்ன ஒரே ஆள் நீ. நான் வாயைத் திறந்தேன். "எனக்குக் கேக்கவே இல்ல புள்ள" என்பது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என்ன ஆகும்? நாம் இரண்டு பேரும் சேர்ந்து, பிள்ளைகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு என்று நீ நினைத்திருந்தாய். அதை வைத்துத்தான் அந்தப் படிகளை ஏறி இறங்கினாய். அது ஒன்றுமே இல்லை, மூன்று வோல்ட் போதாமல் போனதும் உன் மனுசன் வெட்கப்பட்டுச் சொன்ன ஒரு பொய்யும்தான் என்று அந்தப் பாயில் கிடந்தவளுக்கு எப்படிச் சொல்வேன்?

"ஓம், கல் நெஞ்சன்தான்" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தை பிறக்குமுன் நீ போய்விட்டாய்.

இத்தனை வருசமும் நான் சுமப்பது இதைத்தான். நீ என்னைக் கல் நெஞ்சன் என்று நம்பிப் போனது எனக்குப் பரவாயில்லை. நீ மூன்று தரம் கேட்டும் உன் மனுசன் வா என்று சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த அறைக்குள் தனியே இருந்தாயே, அதுதான். கேட்டிருந்தால் முதல் கசெட்டுக்கே வா என்றிருப்பேன் புள்ள. ஓலையும் வேண்டாம் ஓடும் வேண்டாம், நனைந்துகொண்டே இருந்திருப்போம்.

இப்போது நான் பேச்சுக்குக்கூடக் கேட்டேன் என்று யாருக்கும் சொல்வதில்லை. ஊரில் எனக்குக் காது மந்தம் என்று பேர். கல்யாண வீட்டில் ஆள் சொன்னதையே மூன்று தரம் சொல்ல வைப்பேன். மகள் லண்டனில் இருந்து போன் எடுத்தால் என்னோடு பேசி முடிக்க அவளுக்கு ஒரு பின்னேரம் வேண்டும். "உங்களோட கதைக்கப் பொறுமை வேணும் அப்பா" என்பாள்.

நேற்றும் எடுத்தாள். பிள்ளையின் படிப்பு, குளிர், சமையல் என்று போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்லப்பா. மறுகா, வேற என்ன, அங்க மழையா?"

"மழை கிடக்கட்டும். எனக்குச் சரியாக் கேக்கல்ல. அந்த ஒண்டுமில்லய இன்னொருக்காச் சொல்லு."

"ஐயோ அப்பா, ஒண்டுமில்ல எண்டுதானே சொன்னன்."

"கேக்கல்ல மகள். மெல்லச் சொல்லு, நான் இரிக்கிறன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.