நெற்றியில் போட்ட சிலுவை

சேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை
20-2-1938

அன்புள்ள மகன் செபாஸ்டினுக்கு உன் அப்பா ஸ்தனிஸ்லாஸ் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், ரங்கூனில் உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவும் சுகம் என்று வழக்கம்போல் எழுதப் பார்த்தேன், மனசு வரவில்லை.

நீ அறிந்தபடி போன ஆடியில் அவளுக்கு வாதம் அடித்து வலப்பக்கமும் பேச்சும் போனதில், கால் மட்டும் கொஞ்சம் தேவலை, தடி ஊன்றிக் கிணற்றடி வரை வருகிறாள். விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருக்கின்றன, பேச்சும் வரக் காணோம். உன் அத்தை ராயம்மாள், "கொள்ளு வறுத்து ஒத்தடம் குடுங்கண்ணா, சூடு உள்ள எறங்குனாத்தான் கை தொறக்கும்" என்றாள். தினமும் கொடுத்தேன். தை மாதம் ஒருநாள் கொள்ளு அதிகம் காய்ந்துவிட்டது போலும். துணி முடிச்சை அவள் மணிக்கட்டில் அழுத்தியபடி உன்னை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இடக்கையால் என் தோளைத் தட்டினாள். ஆறுதல் சொல்கிறாள் என்று எண்ணி இன்னும் அழுதேன், இன்னும் அழுத்தினேன், முட்டாள். முடிச்சை எடுத்தபோது தோலும் கூடவே வந்துவிட்டது. அந்தக் கைக்குச் சூடு தெரியவில்லை, ஆனால் தோல் பொசுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொல்லித்தான் தட்டியிருக்கிறாள் மகனே.

தருமபுரி டாக்டர், "உணர்ச்சி செத்த கைய்யா அது, மொதல்ல உன் கன்னத்துல வெச்சுப் பாக்க மாட்டியா?" என்று திட்டினார். புண் ஆறிவிட்டது. இனிச் சூடு வேண்டாம், இரண்டு வேளையும் விரல்களைப் பிரித்து நீவ வேண்டும், விட்டால் அப்படியே இறுகிவிடும் என்கிறார். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்தக் கையை இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் என்னைக் கண்டு பயப்படுகிறாள். இதைச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். புறப்பட்ட அன்று அம்மா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டதை நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் அழுதாள். பிறகு முந்தானையை விலக்கி, அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். கட்டைவிரலை முதலில் நீவினேன். அசையவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தபசுகாலம் வருகிறது, வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதே, வெயிலில் அலையாதே. மாதா உன்னைக் காப்பாளாக. மறக்காமல் அந்தச் சிலுவை விஷயத்தை ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. அடுத்தது வரும்வரை காலையும் மாலையும் அவள் கையை நீவும்போது உன் இந்தக் கடிதத்தையே வாசிக்கிறேன்.

உன் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்