கைக்கு அடங்கிய கேமரா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

ஸ்டூடியோவில் என்னைத் தனியாகப் படம் எடுக்க அனுப்பலாமா என்று பார்க்கிறார்கள். முதலாளி புதியதும் பழையதுமாக இரண்டு சின்ன கேமராக்களைக் காட்டி, முதலில் புதியதைக் கொடுத்தார். புதியதில் எல்லாமே திரையில், மெனுவுக்குள் மெனு. போன வாரம் ஒரு கல்யாணத்தில், வெளிச்சத்தைக் கூட்டும் இடத்தை அதில் தேடுவதற்குள் மணப்பெண் சிரித்து முடித்துவிட்டாள். "என்னம்மா, கேமராவுக்குள்ள குடித்தனம் பண்றியா?" என்றார் முதலாளி. கிண்டல்தான், கவலைப்படாதீர்கள்.

கல்லூரியிலிருந்து இரவல் கேமரா கொண்டுவந்து நான் மல்லுக்கட்டியபோது, "எடுத்துத் தொலைடி, கன்னம் வலிக்குது" என்று சிரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றீர்களே, அது நினைவுக்கு வந்தது. உங்களைப் போல யார் காத்திருப்பார்கள்?

அதனால் முதலாளியிடம் அந்தப் பழைய கேமராவைக் கேட்டு வாங்கினேன். வெளிச்சத்துக்கு அதில் தனித் திருகு உண்டு. ஆளைப் பார்த்தபடியே கட்டைவிரலால் திருப்பலாம். நேற்று ஒரு மணப்பெண்ணின் அம்மா அழுகையும் சிரிப்புமாகத் திரும்பிய நொடி கிடைத்துவிட்டது. "சரி, இனிமே நீயே போ" என்றார் முதலாளி.

லென்ஸ் துடைக்க உங்கள் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு வேண்டும். கடைத் துணி சரிப்படவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. துண்டைத் துவைக்காமலே அனுப்புங்கள், அம்மா.

உங்கள் மகள்