ஜன்னல் பலகையில் உன் முதல் வரி

ஈரத் துணியில் சாக்பீஸ் வாசம். இன்று காலை நம் ஜன்னல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் வாசலில் நின்றார். நீ இருந்தவரை, நாம் ஒன்றாகத் தங்கியிருந்த இந்தக் கும்மிடிப்பூண்டிப் பக்கமே வராதவர். காய்ச்சலோடு உன் ஊரான பொதட்டூர்பேட்டைக்குப் போய் நீ இறந்த பிறகும், உன் துணிமணியைக் கேட்டுக்கூட வரவில்லை.

"அந்த ஜன்னல் எங்க ஊட்டுது. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

நம்பவில்லை. ஊத்துக்கோட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கியதாகத்தானே சொன்னாய்?

"கடையிலயா? ஊட்ட இடிக்கறப்ப அவதான் தூக்கிக்கினு ஓடுனா. கீழ் கொக்கி இருக்காது, பாருங்க."

கொக்கி இல்லை.

நீ அதைக் கொண்டுவந்த அன்று, "எங்கடி சுட்ட?" என்றேன்.

"எம்.ஏ. படிச்சா எல்லாத்துலயும் டவுட்டுதான்."

கண்ணாடிகளை உப்புத்தாளால் தேய்த்தோம். கறுப்பு பெயிண்ட், இரண்டு பூச்சு; ஜன்னல் கரும்பலகையானது. இருவருக்கும் கம்பெனியில் வேறு வேறு ஷிப்ட். பேச வேண்டியதை இதில் எழுதிக்கொள்ளலாம் என்றாய். புதுப் பலகையில் முதலில் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுக்கத் தேய்த்துத் துடைக்க வேண்டும்; இல்லையென்றால் முதலில் எழுதியது அழியாது. உனக்கு ஏது பொறுமை. நான் வேலை முடிந்து வந்தபோது எழுதியிருந்தாய்: வந்துக்கினே கீறேன்.

"தமிழாடி இது? வந்துகொண்டே இருக்கிறேன்னு எழுத வராதா?"

"பேசறததான் எழுதுனேன். டீச்சரம்மா, மார்க் போடுங்க."

எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அதன்மேல் பால், கேஸ், சட்டியில் குழம்பு என்று எதையெதையோ எழுதி அழித்தோம். அடியில் அது வெளுப்பாகக் கிடந்தது.

உன் அண்ணன் குனிந்து படித்தார்.

"இது யாருக்கு எழுதுனா?"

"எனக்கு."

"ஒரே ஊட்ல இருக்கவங்களுக்கு எதுக்கு இத எழுதணும்?"

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு இது தோன்றியதே இல்லை.

"எவனாவது இருந்தானா?"

ஈரத் துணியைப் பிழிந்தேன்.

"சரி, குடுங்க. மேல பெயிண்ட் அடிச்சிக்கிறோம். நாலு பேரு பாத்தா தப்பாப் பேசுவாங்க."

அவருக்கும் பலகைக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எனக்குத்தான் எழுதினா. தர மாட்டேன்."

மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்களோ" என்று முணுமுணுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

அது யாருக்கு என்று எனக்கும் தெரியாது. ஜன்னல் எங்கிருந்து வந்தது என்பதையே மறைத்தவள் நீ. இதையும் மறைத்திருப்பாய். இனி அது உன் பாடு. உன்மேல் விழவிருந்த அந்தச் சந்தேகப் பார்வையை மட்டும் நான் என்மேல் வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிப் பேச எனக்கு வாய் இருக்கிறது.