மூன்றாவது ஸ்லைட்டில் இருப்பவர்

அனுப்புபவர்:
தர்மிளா முத்துவீரன்,
இறுதி வருடப் பயிலுநர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம்,
மேற்பிரிவு, அம்பகஸ்கந்தை தோட்டம்,
றக்வான.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சிப் பரீட்சைச் சபை,
கொழும்பு.

பொருள்: செய்முறைப் பரீட்சையின் மூன்றாம் வினாவுக்கு நான் எழுதிய விடை பற்றியும், கற்பித்தலுக்காக இரத்தம் தருவோருக்கு முடிவு அறிவிக்கப்படாமை பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா,

ஆம், அந்தப் பெயரை எழுதியது நான்தான். மூன்றாவது நுணுக்குக்காட்டியில் இருந்த ஸ்லைட்டைப் பார்த்து நோயை இனங்காணும்படி கேட்டிருந்தார்கள். நான் "ஏழுமலை" என்று எழுதினேன். கேலிக்காக எழுதவில்லை. தாங்கள் விளக்கம் கேட்டிருந்த கடிதத்தில் உள்ளதுபோல மனக்குழப்பத்தாலும் அல்ல. நோயின் பெயர் எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். என் முறைப்பாடே அதுதான்.

புள்ளிகளைத் திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை. ஏழுமலை இறந்துவிட்டார். அவர் உட்கார்ந்த வாங்கில் இப்போது ஜெயம்மா என்ற பெண் உட்கார்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார். அவரை ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். இதற்காகவே எழுதுகிறேன்.

1. எமது கல்லூரி ருவான்வெல்லைக்கு அப்பால், கலுகந்தையில், ஒரு றப்பர் தோட்டத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. முதலாம் வருடத்தில் ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திப் பழகினோம். கைகள் நீலம் பாரித்த பிறகு தோட்டத்து ஆட்களை அழைத்தார்கள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. மரம் நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் பட்டையோடு வழிந்து வீணாகிவிடும். ஆகவே மழைக் காலைகளில் ஆட்கள் எமது பின்விறாந்தைக்கு வருவார்கள். ஒரு பணிசும் பிளேன்டீயும் கிடைக்கும். அவர்களுடைய இரத்தக் குழாய்களில் பச்சைத் துண்டு ஒட்டுவோம். பச்சை என்றால் கற்பித்தலுக்கு உரியது. பச்சை ஒட்டிய குழாய்க்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. பாடம் முடிந்ததும் கழுவிவிடுவோம்.

2. ஏழுமலை அப்படி ஒரு மழையில் வந்தவர். பால் வெட்டுபவர். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். காரணம், அவருடைய குழாயை நிமிர்த்தி வைத்தால் சிவப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு படை நிற்கும். எல்லோருக்கும் அது நூலளவு. அவருக்கு விரலளவு. அதை அவரே கண்டுவிட்டார். "பாத்தியா புள்ள, மரத்துல மட்டுமில்ல, நம்ம மேல்லயும் பால் எறங்குது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கூட வந்த நல்லையா என்பவர், "அப்ப ஒனக்கும் ஒரு சிரட்டய கட்டி வுட்ருவாங்கடா" என்றார். அதற்கு ஏழுமலை, "மரத்தயே நாங்க ஒருநா வுட்டு ஒருநாதான் வெட்டுறோம். இந்தப் புள்ளங்க வாரத்துக்கு ஒருக்காதான் வெட்டுது. நல்ல புள்ளங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

3. எலும்புக்குள் இருந்து முதிர்ந்து வெளிவர வேண்டிய வெண்குருதிக் கலங்கள் அவருடைய இரத்தத்தில் முதிராமலே நெருங்கி நின்றன. பாடநூலில் உள்ள படத்தைவிட அது தெளிவாக இருந்தது. எமது வகுப்பில் எல்லோரும் நோயின் பெயரைச் சரியாக எழுதினோம். அடுத்த வகுப்பும் சரியாக எழுதியது. எல்லோருக்கும் முழுப் புள்ளி. நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தால் ஜன்னலுக்கு வெளியே, வாங்கின் நுனியில், அவர் பணிசைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருப்பார். கண்ணை வைத்தால் மீண்டும் அவர். வாரா வாரம் உள்ளே கூட்டம் பெருகியது. வெளியே அவர் மெலிந்தார்.

4. தாங்கள் தோட்டத்தில் வாழ்ந்திருக்க மாட்டீர்கள் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் எடுத்தால், நோய் உள்ளவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு எழுதித் தருவார்கள். துண்டு வராவிட்டால் நோய் இல்லை. எங்கள் லயங்களில் இதை யாரும் கேட்டு அறிவதில்லை. பிறந்ததிலிருந்து தெரியும். ஏழுமலையும் அப்படியே நினைத்தார். இடது விலாவுக்குக் கீழே கல் வைத்ததுபோல் கனக்கிறது என்றார். சாரத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டத் தொடங்கினார். நான் கேட்டபோது, "வாரா வாரம் கண்ணாடி போட்டுப் பாக்குறீங்க. ஒரு துண்டு தந்தீங்களா? இல்லதானே. அப்ப ஒண்ணுமில்ல புள்ள, வயசு" என்றார்.

கல்லூரி முடிவு சொல்லவில்லை. அவர் அந்த மௌனத்தையே முடிவாக எடுத்துக்கொண்டார்.

5. எமது செய்முறை விரிவுரையாளர் திரு. ஜதீஸ்வரனிடம் இதைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தவர். துண்டு பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது. "பிள்ளை, முடிவு சொல்லுறது டொக்டரின்ர வேலை. நாங்கள் வாய் திறக்கேலாது. அந்த மனுசனுக்கு டொக்டரே இல்லையெண்டா ஆர் சொல்லுறது எண்டு கேட்பீர். எனக்கும் விளங்கேல்லை" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அன்று தன் குடையை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனார். நான் அதிபரிடம் போனேன். அவர் ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில், அப்படி ஒரு நோயாளி பதிவில் இல்லை என்றார்கள். பச்சை ஒட்டிய குழாய் தங்களுடையது அல்ல என்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள்.

அடுத்த மழைக்கு நான் காத்திருந்தேன். மழை வந்தது. அவர் வரவில்லை.

6. நல்லையா வந்தார். ஒரு கண்ணாடிக் கிளாசும் ஒரு குடையும் கொண்டுவந்தார். "ஏழுமல போயிட்டாருங்க. கடைசியா வந்தப்ப டீயோட கிளாசையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. காலேஜ் சாமான், திருப்பிக் குடுத்துருன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு" என்றார். கிளாசைக் கழுவி மற்றவற்றோடு அடுக்கினார்கள். எல்லாம் ஒரே மாதிரியானவை. எது அவருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது. என்னோடு படிக்கும் ஸாஹிரா வீட்டிலிருந்து தன் கோப்பையைக் கொண்டுவரத் தொடங்கினாள். பிறகு மற்றவர்களும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

7. பின்வருவதைச் சான்றாகச் சமர்ப்பிக்கவில்லை. கண்டதால் எழுதுகிறேன்.

பின்விறாந்தையின் கூரை குட்டையானது. காற்றோடு மழை வந்தால் அந்த வாங்கு முழுவதும் நனையும். ஏழுமலை இறந்த பிறகு வந்த மழைகளில், வாங்கின் நுனி நனையவில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவு உலர்ந்திருந்தது. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒடிந்து மழை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். நான் பீலியைப் பார்த்தேன். அது ஒடியவில்லை. யாரோ முத்துக்குடை பிடித்ததுபோல் இருக்கிறது என்று காவலாளி சொன்னார். பிறகு அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். திரு. ஜதீஸ்வரன் ஜன்னலுக்குத் திரை போட்டார்.

குளிர்சாதனப் பெட்டியில் அவருடைய குழாய் ஒன்று இருந்தது. திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் படை தெரியும். அதைக் கழுவிவிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. யாரும் கழுவவும் இல்லை.

8. பரீட்சை நாள். மூன்றாவது நுணுக்குக்காட்டி. குனிந்ததுமே தெரிந்தது. நான் இடக்கைக்காரி. இரத்தத் துளியைக் கண்ணாடியில் இழுத்துப் பரப்பும்போது என்னுடைய ஸ்லைட்டில் மட்டும் இரத்தப் படலத்தின் வால் மறுபக்கம் வளையும். கல்லூரியில் வேறு யாருடையதும் அப்படி வளையாது. அது நான் இழுத்தது. அவருடைய விரல் என் கையில் இருந்தபோது இழுத்தது. குளிர்ந்த விரல். பால்கறை படிந்த நகம்.

சாயம் ஊறிய கலங்கள் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தன. இறந்தவருடையவை போல் இல்லை. ஒரு கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் நின்றுபோயிருந்தது. இன்னும் பிரியப் போவதுபோல் இருந்தது. மேற்பார்வையாளர் நேரம் முடிகிறது என்று மணி அடித்தார். அந்த இடத்தில் நோயின் பெயரை மறுபடியும் எழுத என் கை ஓடவில்லை. அதை நாங்கள் ஏற்கனவே பலமுறை எழுதியிருக்கிறோம். எழுதப்படாதது ஒன்றுதான் இருந்தது. அதை எழுதினேன்.

9. பரீட்சைக்குப் பிறகு மீண்டும் மழை. மீண்டும் ஆட்களை அழைத்தார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு ஒருவரை மட்டும் அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். அவர்தான் ஜெயம்மா. அதே தோட்டம், கீழ்ப்பிரிவு. இரண்டு பெண் பிள்ளைகள். தலையில் போட்டிருந்த படங்கை உதறி மடித்துவிட்டு, நனையாத அந்த நுனியில் போய் உட்கார்ந்தார். வேறு இடம் இல்லையா என்று கேட்டேன். "ஏங்க, இதுதான காஞ்சிருக்கு" என்றார்.

அவருடைய ஸ்லைட்டையும் நான் பார்த்தேன். அது வேறு நோய். தொடக்கம். மருந்து இருக்கிறது. அதன் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. என்னைவிட, தங்களைவிட, அதை முதலில் கேட்க வேண்டியவர் அவர்.

ஏழுமலையைத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம என்னா, அண்ணன் மொறை. நெஞ்சு வலின்னு சொன்னாங்க. வேற நோவு இருந்திருந்தா இங்கயே துண்டு குடுத்திருப்பாங்கதானே" என்றார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் துண்டு இல்லதானே?"

நான் குழாயில் பச்சையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

ஜெயம்மாவை உடனடியாக ஒரு வைத்தியர் பரிசோதிக்கவும், முடிவை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லவும் கட்டளையிட வேண்டும்.

கற்பித்தலுக்கு இரத்தம் தரும் எவருடைய குழாயிலும் நோய் தெரிந்தால் அதை ஒரு வைத்தியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று எமது கல்லூரிக்கும், தங்கள் சபையின் கீழ் உள்ள ஏனைய கல்லூரிகளுக்கும் விதி செய்ய வேண்டும். நோய் இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லியனுப்ப வேண்டும்.

மூன்றாவது ஸ்லைட்டைப் பரீட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து ஏழுமலையின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எங்களுடையது அல்ல.

எனது விடைக்குத் தாங்கள் வழங்கும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். விடையை மாற்றமாட்டேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) தர்மிளா முத்துவீரன்

இடம்: கலுகந்தை, ருவான்வெல்லை
திகதி: 2004 மார்ச் 11

பின்குறிப்பு: மேலுள்ளதை எழுதி முடித்தும் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். மறுநாள் காலை மழை. ஜெயம்மா வந்தார். அவரிடமிருந்து இரத்தம் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை, எனக்குச் சொல்ல அனுமதியில்லாததை, அவரிடம் சொன்னேன். பிறகு இருவரும் பஸ் ஏறி மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் பெயரைப் பதிந்து, திரும்ப வர வேண்டிய நாளைக் குறித்து ஒரு துண்டு கொடுத்தார்கள். திரும்பி வரும் வழி முழுவதும் ஜெயம்மா அதைக் கையிலேயே வைத்திருந்தார். இந்த மனுவை ருவான்வெல்லைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.