விளங்குது என்று சொன்ன குரல்

மதிப்பிற்குரிய அக்கா அவர்கட்கு,

வணக்கம். தாங்கள் எம்மை விட்டு நீங்கிய பின்னர் ஒரு மடலேனும் வரையாது இத்துணைக் காலம் தாழ்த்தியமைக்குப் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டுகிறேன். "உன்ர தமிழுக்குள்ள வாறதெண்டால் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் வரவேணும்" என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கண்ணிற் பட்ட தாளையெல்லாம் வாசித்து நானே தேடிக்கொண்ட தமிழ் இது. இன்றும் அனலைதீவிலிருந்து அரசாங்கக் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம் போவதாயின் அது பெரும்பாலும் என் கையால் எழுதப்பட்டே போகிறது.

என்னை எழுதத் தூண்டியது உங்கள் பழைய கைத்தொலைபேசி. முந்தநாட் பின்னேரம் தேநீர் கொண்டு உங்கள் மகள் மிதுனாவின் அறைக்குள் நுழைந்தேன். மேசையில் இருந்த புதிய தொலைபேசியில் கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் றிபனைப் பற்களால் கடித்தபடி தலை பின்னிக்கொண்டிருந்தாள். பட்டணத்திலிருந்து பாடம் எடுக்கும் ஆசிரியை அவளது பெயரைச் சொல்லி, விளங்கியதா என்று கேட்டார். மிதுனா பின்னலை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மறு கையால் உங்கள் தொலைபேசியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். "ஓம் ரீச்சர், விளங்குது" என்றது அவளது குரல். வாயில் றிபன் அப்படியே இருந்தது.

அந்தக் குரலை உங்களுக்குத் தெரியும். நோய்க்காலத்தில் பள்ளிகள் பூட்டியிருந்தபோது பதிந்தது. வீட்டில் சிக்னல் இல்லையென்று பிள்ளைகளை இறங்குதுறைக் கட்டுக்குக் கூட்டிச் சென்றோம். குடையைப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போனுக்குப் பிடித்தீர்கள், திரை தெரியவேண்டுமே! பிள்ளை வாய் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். மறுமொழி இல்லையென்று ஏச்சு விழும். ஆகவே ஒரு தடவை சொல்லிப் பதிந்துவைத்து, சிக்னல் வரும் நொடியில் அனுப்பும் உபாயத்தை நீங்களே கண்டுபிடித்தீர்கள். "இனிப் பயமில்லையடி, பிள்ளைக்கு விளங்கினதைப் போத்தில்ல அடைச்சாச்சு" என்றீர்கள். துறைக்கட்டில் இருந்த தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள்; மறுநாள் அவர்களும் அவ்வாறே செய்தார்கள். சிரிப்பு அடங்கியபின் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை, முகத்தைப் பார்" என்றீர்கள். அன்று அந்த முகத்தைப் பார்க்க நீங்கள் இருந்தீர்கள்.

இன்று அவள் தரம் பதினொன்றில் படிக்கிறாள். அவளுக்காக மறுமொழி சொல்வதோ தரம் ஆறில் இருந்த சிறுபிள்ளை. அக்கரையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இதென்ன பிள்ளை, ரீச்சரை ஏமாத்துறாய்?" என்றேன்.

றிபனை வாயிலிருந்து எடுத்தாள். "அவவும் இடாப்பில பேர் கூப்பிட்டு, இடைக்கிடை விளங்குதோ எண்டு கேட்டுப்போட்டு, போன வருசத்துப் பாடத்தைத்தான் போட்டுவிடுறா சின்னம்மா. அந்த வகுப்பு அக்காமார் பதிஞ்சு வச்சது என்னட்டையும் கிடக்குது. அதே சேவல் அதே இடத்தில கூவும், கேளுங்கோ."

இரண்டையும் போட்டுக் காட்டினாள். கூவியது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பாடத்தின் ஒலியை அடைத்துவிட்டு உங்கள் தொலைபேசியில் அந்தப் பதிவை மறுபடியும் போட்டாள். வகுப்புக்குக் கேட்கவிடாமல் அவள் எப்போதும் நிறுத்திவிடும் கடைசிப் பகுதியும் இம்முறை ஓடியது. "சரி வா பிள்ளை, வெயிலுக்க நிக்காதை." அது உங்கள் குரல், அக்கா. தேநீரை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பள்ளியிலும் அவள் இப்போது தலையை மட்டுந்தான் ஆட்டுகிறாளாம். கடையில் வேண்டியதை விரலாற் காட்டுகிறாள். பின்னேரத்தில் ஒழுங்கையால் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே ஆசிரியையின் குரல் கேட்கிறது. நடுவே ஒரு பிள்ளையின் கேள்விகூட இல்லை.

எங்கள் கணித ஆசிரியை இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர் வேறொருவரும் படகேறி வரவில்லை. இந்தப் போன் பாடமும் இல்லையெனில் பிள்ளைகளுக்குக் கணிதமே இல்லை என்பதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் இதுவே நிரந்தரமாகட்டும் என்று பெற்றார் இசைந்துவிட்டால், ஆசிரியர் வெற்றிடம் என்ற ஒன்றே இல்லையென்றாகிவிடும். வரும் வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றார் கூட்டம். இசைவு மடலை நான் வரையவேண்டுமாம். "இந்த அக்காவைப் பாருங்கோ, ஒரு ரீச்சரும் இல்லாமல் தானாப் படிச்சவ" என்று சென்ற கூட்டத்தில் பள்ளி அதிபர் எல்லோர் முன்னிலையிலும் என்னை எடுத்துக்காட்டினார். ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

வீடு திரும்பும் வழியிற்றான் மற்றது நினைவுக்கு வந்தது. முன்னொரு நாள் பழைய கணிதப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று நான் பெருமையோடு முணுமுணுத்தேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பியும் பாராமல், "அரையை விடக் குறைஞ்சு போச்சே, மிச்சத்தை ஆர் திண்டது?" என்று கேட்டீர்கள். நானே கற்றேன் என்பது பொய்யன்று. ஆயினும் என் பிழை கேட்கும் தூரத்தில் ஒரு காது இருந்தது. மிதுனாவின் பிழைகள் எங்கே போய் விழுகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பிழை விடுவதுகூட இல்லை. எல்லாம் விளங்குகிறது.

இன்று காலை இசைவு மடலுக்கென்று தாளை எடுத்து வைத்திருந்தேன். உங்கள் தொலைபேசியோடு அவள் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஓமென்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மன்றாட வந்திருக்கிறாள் என்று எண்ணினேன். முன்னரும் மன்றாடினாள்: போன் பாடமென்றால் ஒருவரும் தன்னைப் பார்க்கமாட்டார்களாம்.

"சின்னம்மா, நீங்களும் ஒருக்கா 'ஓம் பிள்ளை' எண்டு சொல்லுங்கோ. பதிஞ்சு வைப்பம்."

"ஏனடி? நான் இஞ்சதானே இருக்கிறன்."

"அம்மாவும் இருந்தவதானே."

தொலைபேசியை என் வாயருகே நீட்டித் தட்டினாள். இத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் காத்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் நொடிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதிவை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

இசைவு மடலை நான் எழுதப்போவதில்லை. ஓர் ஆளைப் படகில் அனுப்புங்கள் என்றே எழுதுவேன். அதனால் இருக்கும் பாடமும் நின்றுபோகலாம். பரீட்சையில் அவள் தவறினால் பழி என்னுடையது; ஊரும் அதைச் சொல்லும், அவளும் சொல்வாள். உங்கள் பிள்ளைக்கு நான் செய்வது சரியா என்று வெள்ளிக்கிழமைக்கு முன்னர் எனக்குத் தெரியவேண்டும்.

தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதவும்.