ஜுரு முகத்துவாரத்துச் சேறு

14 ஜூன் 1931, ஞாயிறு

இன்று ஜுரு ஆற்று முகத்துவாரச் சேற்றில் இடுப்பளவு புதைந்தேன். மீனவர்கள் என்னை இழுத்துத் தூக்கினார்கள். வேட்டி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. வேரடியில் இறால் குஞ்சுகள் வளரும் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களை வெட்டக் கூடாதென்று என்னோடு ஊர் ஊராகப் பேசித் திரிந்த மீரான், அங்கே அதே மரங்களை வெட்டித் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“போன வாரம் மேடையிலே அழுதியேடா?”

“அழுதது நெசம்தாண்ணே. நான் வெட்டலேன்னா வேற ஆளு வெட்டுவான் லா. முதல்ல இந்தச் சாரோங்கைக் கட்டிக்குங்க.”

அதைக் கட்டிக்கொண்டே அவனைத் திட்டினேன். கோடாலி அவன் கையில் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை. நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

சேறு போக மனைவி அண்டா நிறைய வெந்நீர் போட்டாள். எங்கள் அடுப்பில் எப்போதும் பாக்காவ் விறகுதான்.